பெட்ரோல் மிச்சம்: நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம்



கொஞ்சம் நீண்ட பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். முக்கியமாக, என்னிடமிருந்து "நியூட்ரல் பாடம்" கற்றுக்கொண்டவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு வகுப்பெடுத்த பெரியவர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "பலகையில் தப்பாக எழுதிவிட்டால் திருட்டுத்தனமாகத் துடைக்காதே. பிள்ளைகள் பார்க்கும்படி அழி. ஏன் அழித்தாய் என்றும் சொல்." முப்பத்து நான்கு வருடம் அதன்படி நடந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு பலகை இல்லை, இந்தப் பக்கம்தான் பலகை. அதனால் இங்கேயே அழிக்கிறேன்.

என்னோடு ஒரு முறையாவது காரில் வந்தவர்களுக்குத் தெரியும். இறக்கம் வந்தால் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிடுவேன். "பார்த்தாயா, பைசா செலவில்லாமல் போகிறது" என்று பெருமையாகச் சொல்வேன். 1996 தேர்தல் பணிக்காகக் கொல்லிமலைக்குப் போனபோது எங்களை ஏற்றி வந்த வாடகை வண்டி ஓட்டுநரிடம் பார்த்துக் கற்றது. ஓய்வுக்குப் பிறகு பழைய ஆல்டோ ஒன்றை வாங்கியதும் அதை நானும் செய்யத் தொடங்கினேன். மருமகனுக்குச் சொன்னேன். தம்பி மகனுக்குச் சொன்னேன். ஆசிரியர் தின விழாவுக்கு என்னை அழைத்துப்போக வந்த பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேருக்கும் சொன்னேன்.

போன தை மாதம் துணைவியாரையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். தரிசனம் முடிந்து இறங்கும்போது வழக்கம்போல் நியூட்ரல். வளைவுக்கு வளைவு பிரேக். பாதி மலை இறங்கியிருப்போம். பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள். யாரோ காட்டுக்குள் குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று இன்றும் வரிசையாகச் சொல்ல முடியாது. எப்படியோ மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது கியர் என்று அடித்துத் திணித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஓரச் சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிகள் தெரிந்தன. துணைவியார் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

பின்னால் வந்த லோடு வேன்காரர் இறங்கி வந்தார். முதலில் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்று பாட்டிலை எடுத்தேன், தடுத்துவிட்டார். சூடான இரும்பு திடீரென்று குளிர்ந்தால் நெளிந்துவிடும் அல்லது விரிசல் விடும், தானாக ஆறட்டும் என்றார். பிறகு சொன்னார்: "ஏனுங்க ஐயா, ஏறுன கியர்லயே எறங்கோணுங்க. வண்டியை இன்ஜின் புடிச்சுக்கும். பிரேக்கு சும்மா ஒத்தாசைக்குத்தானுங்க."

முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முப்பது ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான் எதைப் பணயம் வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாமல் மேசைக்கடியில் ஒளிந்தவன். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்.) முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சார், மலையில நீங்க பெட்ரோலை மிச்சம் பண்ணலை சார். செலவுதான் பண்ணியிருக்கீங்க" என்றான்.

அவன் சொன்ன விளக்கம் இது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் நியூட்ரலால் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். இப்போது இருப்பதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. இன்ஜினை அப்போது சுற்றுவது பெட்ரோல் இல்லை, உருளும் சக்கரங்கள்தான். வேகம் நன்றாகக் குறைந்து இன்ஜின் நின்றுபோகும் நிலை வரும்போதுதான் மறுபடி பெட்ரோல் போகும். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்ஜின் அணையாமல் ஓட அதற்குத் தனியாகப் பெட்ரோல் வேண்டும். ஆக, மலை இறக்கத்தில் கியரில் வருபவனுக்குச் செலவு பூஜ்யம். நியூட்ரலில் வருபவனுக்குச் செலவும் உண்டு, பிரேக்கும் போச்சு.

சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது இதைவிட மோசம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை இரண்டு மூன்று மிதிக்குமேல் தாங்காது. பவர் ஸ்டீயரிங்கும் இறுகிப்போகும்.

எனவே மாணவச் செல்வங்களே, நான் சொன்ன நியூட்ரல் பாடம் தவறு. அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள்.

சரி, அழித்த இடத்தில் என்ன எழுதுவது? சிக்கனமே வேண்டாம் என்று எழுத எனக்கு மனசில்லை. ஓய்வூதியக்காரனால் அப்படி எழுதவும் முடியாது. அதனால் பிப்ரவரி மாதம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, ஒரு சோதனையைத் தொடங்கினேன்.

முறை மிக எளிது. பங்கில் தானாகக் கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த முறையும் அதேபோல் நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கு. நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு "வண்டி குடிக்குது, குடிக்குது" என்று புலம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வராது. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து தடவை எழுதிச் சராசரி எடுங்கள்.

முதல் மாதச் சராசரி லிட்டருக்கு 16. ஜூன் மாதம் 19. நான் மாதம் சுமார் 800 கி.மீ. ஓட்டுகிறேன். வருடத்துக்கு 9,600. பழைய கணக்கில் 600 லிட்டர், புதிய கணக்கில் 505 லிட்டர். 95 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 9,500 ரூபாய். மந்திரம் எதுவும் செய்யவில்லை. செய்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, காற்று. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். அன்று பார்த்தபோது என் வண்டியின் பின் டயர் ஒன்றில் 8 பாயிண்ட் குறைவு. காற்று இறங்கிய சைக்கிளில் டபுள்ஸ் மிதித்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், காற்றால் மட்டும் மைலேஜ் இரண்டு மூன்று சதவீதம்தான் மாறும். ஆனால் காற்று குறைந்த டயர் ஓரம் தேயும்; வெயிலில், வேகத்தில், சூடேறி வெடிக்கும். 15 நாளுக்கு ஒரு முறை, வண்டி அதிகம் ஓடாத காலை நேரத்தில் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, வலது கால். இதுதான் பெரிய பாடம். வேகத்தை நாம் பெட்ரோல் கொடுத்து வாங்குகிறோம். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். பிரேக் பிடிக்காதே என்று சொல்லவில்லை; தேவையென்றால் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் நூறு மீட்டர் தள்ளி வேகத்தடை தெரிகிறது, சிவப்பு விளக்கு தெரிகிறது, ஆட்டுமந்தை கடக்கிறது. அதுவரை ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டு போய் அங்கே சடக்கென்று நிறுத்துவது எதற்கு? தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருளட்டும். மைலேஜில் எனக்குக் கிடைத்த மூன்று கிலோமீட்டரில் பெரும்பங்கு இதனால்தான் வந்தது என்பது என் நோட்டின் சாட்சியம்.

மூன்றாவது, வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கும் மேல். (100-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 1.56.) பெட்ரோலியச் சிக்கனத்துக்காக மத்திய அரசு நடத்தும் பி.சி.ஆர்.ஏ. அமைப்பு, 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல்லி எத்தனையோ வருடமாக விளம்பரம் செய்கிறது. நான்கு வழிச்சாலையில் அது முடியாதுதான். பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சலாகவும் ஆகும். ஆனால் 80 போதும். நாமக்கல்லிலிருந்து சேலம் 55 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-இல் போனால் 33 நிமிடம், 80-இல் போனால் 41 நிமிடம். அந்த 8 நிமிடத்தை வீட்டிலேயே சீக்கிரம் கிளம்பிச் சம்பாதித்துவிடலாம்.

நான்காவது, நிற்கும் வண்டி. ரயில்வே கேட் போட்டிருக்கும்போது, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது, மளிகைக்கடை முன்னால் "இதோ ரெண்டு நிமிஷம்" என்று இறங்கும்போது, இன்ஜினை அணையுங்கள். சின்ன கார்கூட ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசியும் ஓடினால் இன்னும் அதிகம். அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். காலையில் கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிடும் பழக்கமும் இந்தக் காலத்து வண்டிக்குத் தேவையில்லை. அரை நிமிடம் போதும். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், அதுவே சூடேற்றம்.

ஐந்தாவது, சின்னச் சின்ன விஷயங்கள். சுற்றுலாவுக்காக மாட்டிய மேல் கேரியரை ஊர் திரும்பியதும் கழற்றுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றோடு மல்லுக்கட்டும். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டையை இறக்குங்கள். (என் வண்டியில் இரண்டு வருடமாக ஒரு சிப்பம் பழைய வினாத்தாள் கிடந்தது.) கிளட்ச் மேல் காலை ஊன்றி ஓட்டாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். நான்கு வேலைக்கு நான்கு தடவை வண்டி எடுக்காமல் ஒரே சுற்றில் முடியுங்கள். ஆறிப்போன இன்ஜின் குறுகிய ஓட்டத்தில்தான் அதிகம் குடிக்கும். தெருமுனைக் கடைக்கு நடந்து போங்கள். டாக்டர் சொன்னதும் அதுதானே.

ஆறாவது, பராமரிப்பு. குறிப்பிட்ட கிலோமீட்டரில், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில் மாற்றுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் பாருங்கள். பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் மலை அனுபவத்துக்குப் பிறகு ஒரு சக்கரம் கையால் சுற்றினால் சுற்றவே இல்லை. ஏர் ஃபில்டர் பற்றி என் மாணவன் சொன்னது எனக்குப் புதிது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜைவிட இழுவைதான் அதிகம் குறையுமாம். எப்படியானாலும் மாற்றத்தான் வேண்டும்.

இனி, செய்யக்கூடாதவை. பெட்ரோல் டேங்க்கில் அந்துருண்டை போடுவது, பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவது இரண்டும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வலம் வந்தன. வேண்டாம். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. பங்கில் பெட்ரோல் இருப்பது மண்ணுக்கடியில், காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வெப்ப மாற்றம் இல்லை. காந்தம் விற்பவன் உங்கள் காரைப் பற்றிக் கவலைப்படுகிறவன் இல்லை.

"எல்லாம் சரி சார், இப்போது வருகிற பெட்ரோலே மைலேஜ் தருவதில்லையே" என்று சிலர் கேட்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப்படி, கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் எரிசக்தி குறைவு. அது நம் கையில் இல்லை. அதைக் காரணம் காட்டி நம் கையில் இருப்பதை விட்டுவிடுவதும் சரியில்லை. கம்பெனி விளம்பரத்தில் போடும் மைலேஜும் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்தது. அங்கே ஆட்டுமந்தை குறுக்கே வராது. அந்த எண்ணோடு சண்டை போடாதீர்கள். போன மாத உங்கள் எண்ணோடு போட்டி போடுங்கள்.

தம்பி மகன் பெங்களூருவில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். நோட்டைக் காட்டியபோது, "பெரியப்பா, வருஷத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு இவ்வளவு கஷ்டமா? நான் ஒரு வாரக் கடைசியில் அதைச் செலவு பண்ணிடுவேன்" என்றான். பணம் உன்னுடையது தம்பி, மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து எப்படி இரண்டே கால் கிலோ வரும் என்று கேட்காதே. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது, எட்டாம் வகுப்புப் பாடம். அந்தப் புகை உன் சம்பளத்தைப் பார்த்துவிட்டு விலகிப்போகாது.

இன்னொரு பக்கம், 2003-இல் என்னிடம் படித்தவன் ஒருவன் சேலத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். டீசல் வண்டி, வருடத்துக்கு 36,000 கி.மீ. லிட்டருக்கு 15 கொடுத்தால் 2,400 லிட்டர். 18 கொடுத்தால் 2,000 லிட்டர். 400 லிட்டர் வித்தியாசம். டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது அது 36,000 ரூபாய். பெங்களூருவில் ஒரு வாரக் கடைசிச் செலவு. சேலத்தில் ஒரு பெண்பிள்ளையின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம். அவனிடம் இந்தப் பாடத்தைச் சொன்னபோது, "இதை எங்களுக்கு லைசென்ஸ் எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

என் ஆதங்கமும் அதுதான். எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கிறோம், பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தூரத்தில் பார்த்து ஓட்ட, மலையில் கியரில் இறங்க, காற்று பார்க்க யாரும் முறையாகக் கற்றுக்கொடுப்பதில்லை. அதனால்தான் என்னைப் போன்ற அரைகுறைகள் வாத்தியார்கள் ஆகிவிடுகிறோம். ஓட்டுநர் பயிற்சியில் ஒரே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் பெட்ரோலும் மிஞ்சும், சில உயிர்களும் மிஞ்சும்.

நோட்டு எழுதியதில் எனக்குப் புரிந்தது இது. உண்மையான மிச்சம் எதுவும் பாதுகாப்புக்கு எதிராக இருக்கவில்லை. சரியான காற்று, முன்கூட்டிப் பார்ப்பது, அளவான வேகம், கியரில் இறங்குவது எல்லாமே பெட்ரோலையும் காக்கும், ஆளையும் காக்கும். பாதுகாப்பை விற்று வரும் மிச்சம் என்று ஏதாவது தெரிந்தால், அந்தக் கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது. மறுபடி போட்டுப் பாருங்கள்.

போன வாரம் மறுபடி கொல்லிமலை போனோம். துணைவியார் முதலில் வர மறுத்தார். பேத்திதான் சமாதானம் செய்தாள். இறங்கும்போது முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே வந்தாள்: "தாத்தா, கியர்ல இருக்கா?"

இருக்கிறது தங்கம்.

நாளை காலை வண்டியை எடுக்கும் முன் டயரைப் பாருங்கள். ஒரு நோட்டு போடுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் எண்ணை எனக்கு எழுதுங்கள். குறைத்து எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு. காப்பி அடித்தவர்களுக்கு மட்டும் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்